உள்ளூர் மெஷர்களுக்குத் தமிழ்ல விளக்கத்தாள் எழுதறோம், எந்தப் பக்கமும் சாயாம எழுதறது எப்படி?

மில்பிடாஸ்காரன் (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நாங்க ஆறு பேரு சேர்ந்து கலிபோர்னியால சான்டா கிளாரா கவுண்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சிட்டிசன் ஆன பெரியவங்களுக்காக எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ரெண்டு பக்க விளக்கத்தாள் ஒண்ணு தமிழ்ல போடறோம். வேட்பாளர் பத்தி ஒரு வரி கூட இருக்காது, உள்ளூர் மெஷர் மட்டும்தான், அதாவது இந்த வரி போடலாமா, ஸ்கூலுக்குக் கடன் எடுக்கலாமான்னு ஓட்டுச்சீட்டுலயே நம்மகிட்ட நேரா கேக்கறாங்களே, அது. ஊர்ல நமக்கு இந்தப் பழக்கம் கிடையாது, எம்எல்ஏவுக்கும் எம்பிக்கும் ஓட்டு போட்டா நம்ம வேலை முடிஞ்சுது, இங்க வந்து 70 வயசுல ஒரு சட்டத்துக்கே ஓட்டு போடுன்னா அப்பா அம்மாவுக்கு மலைப்பாத்தான் இருக்கு.

போன நவம்பர்ல, 2025ல, மெஷர் ஏ வந்துச்சு இல்லையா, கவுண்ட்டி விற்பனை வரியை 5 வருஷத்துக்கு 0.625 சதவீதம் கூட்டறது. அதுக்கு நாங்க போட்ட தாளோட தலைப்பு "ஆஸ்பத்திரிகளுக்கான வரி". ரெண்டாவது நாள் ஒரு பெரியவர் போன் பண்ணார். "தம்பி, உன் தாளைப் படிச்சுட்டு ஓட்டைத் தபால்ல போட்டுட்டேன், இப்ப மருமகன் சொல்றார், அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு சட்டத்துல கட்டாயம் இல்லையாமே, அதை ஏம்ப்பா எழுதல?" அப்படின்னார். அவர் திட்டக்கூட இல்ல, அமைதியாத்தான் கேட்டார், எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் வரல.

ஏன்னா அவர் கேட்டது நியாயம். மெஷர் ஏ பொது வரி. கலிபோர்னியால ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குன்னு கட்டிப்போட்ட வரியை கவுண்ட்டியோ சிட்டியோ கொண்டுவந்தா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், எதுக்கு வேணா செலவழிக்கலாம்ங்கற பொது வரின்னா பாதிக்கு மேல ஒரு ஓட்டு இருந்தா போதும். அதனால ஓட்டுச்சீட்டுல ஆஸ்பத்திரி, அவசர சிகிச்சைன்னு வரிசையா போட்டிருந்தாலும் பணம் போய்ச் சேர்றது பொது நிதிக்கு, அப்புறம் வருஷாவருஷம் பட்ஜெட்ல சூப்பர்வைசர்கள், அதாவது கவுண்ட்டியை நடத்த நாம தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள், முடிவு பண்றதுதான். நாங்க பொய் எழுதல, ஆனா அந்த ஒத்தைத் தலைப்புலயே முடிவைச் சொல்லிட்டோம். மெஷர் பாஸ் ஆயிடுச்சு, எங்க தாளால இல்ல, அது வேற விஷயம், ஆனா எங்களை நம்பின ஒருத்தர்கிட்ட முக்கியமான ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டோம்.

ஜூன் 2 பிரைமரி வருது. இந்தத் தடவை ஒழுங்கா பண்ணணும். நீங்கள்லாம் எப்படி எழுதறீங்க, எப்படி எழுதினா ரெண்டு பக்கத்துக்காரங்களும் "ஆமா, எங்க பக்கத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்கே"ன்னு ஒத்துப்பாங்க?


கூப்பர்டினோஅம்மா

நல்ல கேள்வி தம்பி. ஆனா நான் நேராவே கேக்கறேன், கவுண்ட்டி வீட்டுக்கு அனுப்பற வாக்காளர் கையேட்டுப் புத்தகத்தை அப்படியே தமிழ்ல போட்டா போதாதா? அதுலதான் எல்லாம் இருக்கே. ஓட்டுச்சீட்டுல வர்ற கேள்வி 75 வார்த்தைக்குள்ள இருக்கணும், ஒரு பக்கம் தூக்கிப் பேசற மொழி இருக்கக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அப்புறம் கவுண்ட்டி வக்கீலோ சிட்டி வக்கீலோ எழுதற நடுநிலை அலசல் 500 வார்த்தை, ஆதரவு வாதம் 300, எதிர் வாதம் 300, ஒருத்தருக்கொருத்தர் மறுப்பு 250. இத்தனை கட்டுப்பாடோட எழுதினதை விட நாம என்ன பெருசா எழுதிடப்போறோம்?


மில்பிடாஸ்காரன்

அக்கா, முதல் ரெண்டு வருஷம் நாங்க அதைத்தான் செஞ்சோம். யாரும் படிக்கல. வக்கீல் எழுதறது ஒரு வாக்கியமே ஏழு வரி போகும், தமிழ்ல மாத்தினா இன்னும் மோசம்.

இன்னொண்ணு, அந்த 75 வார்த்தையை எழுதறது யாரு? மெஷரைக் கொண்டுவர்ற சிட்டியோ ஸ்கூல் டிஸ்ட்ரிக்டோதான். நடுநிலையா எழுதணும்னு சட்டம் இருக்கு, சரி, ஆனா நடைமுறைல நல்ல நல்ல வார்த்தையெல்லாம் முதல் பாதில வந்துடும், ஓட்டை உடைசல் கூரை, குழந்தைங்க பாதுகாப்பு, தீயணைப்பு, எவ்வளவு பணம் எத்தனை வருஷம்ங்கறது கடைசி ரெண்டு வரில. வரி விகிதம், வருஷத்துக்கு எவ்வளவு வசூல், எத்தனை வருஷம் ஓடும்னு போட்டே ஆகணும்ங்கறதே சில வருஷம் முன்னாடி சட்டம் போட்டு வந்ததுதான்.

ஆதரவு வாதமும் எதிர் வாதமும் எழுதினவங்க சொந்தக் கருத்து, அதிகாரிங்க யாரும் உண்மையான்னு பார்த்துத் திருத்தறதில்ல. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி 10 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பாங்க, அதுக்குள்ள யாராவது கோர்ட்டுக்குப் போய் இது பொய்னு நிரூபிச்சா மாத்துவாங்க, அவ்வளவுதான். அந்த 10 நாள் இருக்குன்னே நம்ம ஆளுங்க பல பேருக்குத் தெரியாது.


கணக்குப்பிள்ளை

நான் இங்க ஒரு சிபிஏ ஆபீஸ்ல வேலை பாக்கறேன், அதனால பணக் கணக்கு மட்டும் சொல்றேன், என்னைக் கேட்டா சாய்வு முக்கால்வாசி அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

ஸ்கூல் பாண்டு, அதாவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வாங்கிட்டு சொத்து வரில இருந்து திருப்பிக் கட்டற கடன், எடுத்துக்கோங்க. 2000ல ஸ்டேட் முழுக்க ஓட்டுக்கு வந்து பாஸ் ஆன ப்ரோபசிஷன் 39 படி 55 சதவீத ஓட்டுல பாஸ் ஆகற பாண்டுக்கு யூனிஃபைட் டிஸ்ட்ரிக்ட்னா (எலிமெண்டரி, ஹைஸ்கூல் ரெண்டும் சேர்ந்தது) 1 லட்சம் டாலர் சொத்து மதிப்புக்கு வருஷம் 60 டாலர் உச்சவரம்பு, எலிமெண்டரி மட்டும் இல்ல ஹைஸ்கூல் மட்டும் இருக்கற டிஸ்ட்ரிக்ட்னா 30. ஆதரவாளர் நோட்டீஸ்ல "லட்சத்துக்கு வெறும் 60 டாலர்"னு இருக்கும். அது எந்த லட்சம்? இன்னைக்கு ரெட்ஃபின் மாதிரி வீடு விக்கற வெப்சைட்ல காட்டற விலை இல்ல, சொத்து வரிக்காக கவுண்ட்டி அசெசர்ங்கற அதிகாரி வச்சிருக்கற மதிப்பு. ப்ரோபசிஷன் 13 வந்த 1978ல இருந்து அது வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏற முடியாது, வீடு கைமாறினாத்தான் புது விலைக்குப் போகும். அதனால 1995ல வாங்கின மாமி வீட்டுக்கு மதிப்பு 5 லட்சம் இருக்கலாம், பக்கத்து வீட்டை போன வருஷம் வாங்கின பையனுக்கு 25 லட்சம். அதே தெரு, அதே ஸ்கூல், அந்தம்மா கட்டறது 300 டாலர், இந்தப் பையன் கட்டறது 1500. "சராசரி வீட்டுக்கு இவ்வளவு"ன்னு ஒரு நம்பர் போட்டீங்கன்னா ரெண்டு பேருக்குமே அது தப்பான நம்பர். ரெண்டு உதாரணமும் போடுங்க, "உங்க பிராப்பர்டி டாக்ஸ் பில்லை எடுத்து அசெஸ்டு வேல்யூ எவ்வளவுன்னு பாருங்க"ன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க. வாடகைல இருக்கறவங்களுக்கு இது நேரா வராது, ஆனா வீட்டுக்காரர் வாடகைல ஏத்தலாம், ஏத்தாமலும் இருக்கலாம், அதையும் அப்படியே சொல்லுங்க.

ரெண்டாவது, "வரி விகிதத்தை உயர்த்தாமலே"ன்னு வரும் பாருங்க, அது வார்த்தைக்கு வார்த்தை உண்மை, ஆனாலும் ஆளை வேற பக்கம் தள்ளிடும். பழைய பாண்டு அடைஞ்சுட்டு வருது, இந்த மெஷர் தோத்தா உங்க வரி குறையும், ஜெயிச்சா குறையாம அதே அளவுல இன்னும் 30 வருஷம் ஓடும். அப்ப எப்படி எழுதணும்? "இப்ப கட்டற அளவே தொடரும், மெஷர் தோத்தா பழைய கடன் அடைஞ்சதும் அந்தப் பகுதி நின்னுடும்." முதல் பாதியை மட்டும் எழுதினா ஆதரவு நோட்டீஸ், ரெண்டாவதை மட்டும் எழுதினா எதிர்ப்பு நோட்டீஸ்.

மூணாவது, அசல் மட்டும் எழுதாதீங்க, வட்டியோட எவ்வளவு திருப்பிக் கட்டணும்னு எழுதுங்க. சான் டியாகோ பக்கம் போவே யூனிஃபைட் 2011ல சுமார் 10.5 கோடி டாலர் வாங்குச்சு, முதல் பல வருஷம் கட்டவே வேணாம்ங்கற மாதிரி பாண்டு, திருப்பிக் கட்டற மொத்தம் 100 கோடிக்குக் கொஞ்சம்தான் கம்மி. அதுக்கப்புறம் 2013ல சட்டம் போட்டு அந்த வகைக் கடனுக்கு 25 வருஷம், மொத்தத் திருப்பல் அசலைப் போல 4 மடங்குதான்னு எல்லை வச்சாங்க. சாதாரண பாண்டு அவ்வளவு மோசம் இல்ல, போவேயைக் காட்டி எல்லா பாண்டையும் பயமுறுத்தறதும் சாய்வுதான். டாக்ஸ் ரேட் ஸ்டேட்மெண்ட்னு ஒண்ணு புத்தகத்துலயே இருக்கும், அதுல அசலும் வட்டியும் சேர்த்து மொத்தக் கணிப்பு போட்டிருப்பாங்க, அந்த நம்பரை எடுத்தாலே போதும்.


பிரிமான்ட்_தமிழ்

கணக்குப்பிள்ளை சார் சொன்னதுக்கு ஒரு உதாரணம். 2024ல பே ஏரியால, அதாவது சான் பிரான்சிஸ்கோவைச் சுத்தி இருக்கற 9 கவுண்ட்டிக்கும் சேர்த்து வீட்டு வசதிக்கு 2000 கோடி டாலர் பாண்டு வர்றதா இருந்துச்சே, ஓட்டுச்சீட்டு வாசகத்துல வருஷ வசூல் 67 கோடின்னு போட்டிருந்தாங்க, சரியான கணக்கு 91 கோடி. சுட்டிக்காட்டினது சாதாரண ஜனங்க. திருத்தினாங்க, வாசகம் பத்தி வழக்கும் போட்டாங்க, கடைசில ஆகஸ்ட்ல மெஷரையே வாபஸ் வாங்கிட்டாங்க. எனக்கு அந்த பாண்டு வேணும்னு இருந்துச்சு, இன்னைக்கும் அப்படித்தான். ஆனாலும் அந்த நம்பரைத் திருத்த வச்சவங்க செஞ்சது நல்ல காரியம்னுதான் சொல்வேன்.


புதுசிட்டிசன்

எல்லாம் சரிங்க, ஆனா எங்கப்பா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், "எதுல கருப்படிக்கணும்னு சொல்லு." நான் ரெண்டு பக்கமும் சொல்ல ஆரம்பிச்சா "நீ படிச்சவன்தானே, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது"ங்கறார். அவரை மாதிரி ஆளுக்கு நடுநிலை விளக்கம் கொடுக்கறது, பசிச்சவனுக்கு சமையல் குறிப்பு கொடுக்கற மாதிரி இருக்கு. நம்ம கருத்தை வெளிப்படையா சொல்லிட்டா என்ன தப்பு? நியூஸ்பேப்பர்ல சொல்றாங்க, யூனியன் சொல்லுது, கட்சி சொல்லுது.


மில்பிடாஸ்காரன்

தப்பே இல்லப்பா. சான் பிரான்சிஸ்கோல ஸ்பர்னு ஒரு அமைப்பு ஒவ்வொரு மெஷருக்கும் அலசல் எழுதி கடைசில எங்க பரிந்துரை இதுன்னு போடுது, அதுவும் உபயோகமான வேலைதான். லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் 1920ல இருந்து இருக்கு, அவங்க நடுநிலையா சாதக பாதகமும் எழுதறாங்க, சில மெஷருக்கு நிலைப்பாடும் எடுக்கறாங்க, ஆனா ரெண்டையும் ஒரே தாள்ல கலக்க மாட்டாங்க. எங்க சங்கம் 501சி3, அதாவது வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்பு, வேட்பாளருக்கு ஆதரவுன்னு மூச்சு விடக்கூடாது, மெஷருக்கு நிலைப்பாடு எடுக்கலாம், அது லாபியிங், அதாவது சட்டத்துக்கு ஆதரவோ எதிர்ப்போ திரட்டற வேலை, கணக்குல வரும், ஒரு அளவுக்குள்ள இருக்கணும். அதனால சட்டம் எங்களைத் தடுக்கல.

நாங்களா வேணாம்னு முடிவு பண்ணோம், ஏன்னா எங்க ஆறு பேருக்குள்ளேயே ஒத்துப்போறதில்ல, மெஷர் ஏவுக்கு நாலு பேர் யெஸ், ரெண்டு பேர் நோ. யாரோட கருத்தைப் போடறது? உங்கப்பா உங்களைக் கேக்கட்டும், நீங்க சொல்லுங்க, அது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல. சங்கம் பேர் போட்டு வர்ற தாள் அப்படிப் பேசினா, நோ போட நினைக்கற பெரியவர் அடுத்த கூட்டத்துக்கு வர யோசிப்பார்.


ஓய்வுதமிழாசிரியை

பிள்ளைகளா, நான் மகள் வீட்டில் மில்பிடாஸில் இருக்கிறேன், போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன், உங்கள் தாளைப் படித்த கிழவிகளில் நானும் ஒருத்தி. நீங்கள் எல்லோரும் எந்தத் தகவலைப் போடுவது என்று பேசுகிறீர்கள். நான் மொழியைப் பற்றிச் சொல்கிறேன், தமிழில் சாய்வு தகவலில் வருவதை விட, சொல்லின் கடைசியில் சேரும் ஒட்டில்தான் அதிகம் வரும்.

உங்கள் தாளில் இருந்தே எடுக்கிறேன். "ஆயிரம் டாலர் செலவுக்கு 6 டாலர் 25 சென்ட்தான்." அந்தத் தான் எதற்கு? "6 டாலர் 25 சென்ட்" என்றால் செய்தி, "6 டாலர் 25 சென்ட்தான்" என்றால் சின்னத் தொகை, கவலைப்படாதே என்று தோளில் தட்டுகிறீர்கள். அதையே "6 டாலர் 25 சென்ட் கூடக் கட்டணும்" என்றால் கூட என்பது அதிகமா, அதுவுமா என்று படிக்கிறவர் தடுமாறுவார். "ஒரு டாலராவது", "ஒரு டாலரே", "ஒரு டாலர் மட்டும்", ஒவ்வொன்றுக்கும் ஒரு முகபாவம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு தனி வார்த்தையைப் போட்டுச் செய்வதை நாம் ஓர் எழுத்தில் செய்துவிடுவோம், எழுதுகிறவருக்கே தெரியாது.

அடுத்தது வினைச்சொல். ஆதரவாளர்கள் "விளக்குகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள், எதிர்ப்பவர்கள் "குற்றம் சாட்டுகிறார்கள்". விளக்குகிறவரிடம் உண்மை இருப்பதாகத் தோன்றும், குற்றம் சாட்டுகிறவர் சண்டைக்காரராகத் தெரிவார். இரண்டு பேருக்கும் "சொல்கிறார்கள்" போடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அழகாக இருக்காது என்று நினைக்காதீர்கள், இது கட்டுரைப் போட்டி இல்லை. "எச்சரிக்கிறார்கள்" என்றால் ஆபத்து இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும், "ஒப்புக்கொள்கிறார்கள்" என்றால் மறைத்து வைத்தார்கள் என்று ஆகும்.

பெயர்ச்சொல்லிலும் பாருங்கள். மெஷர் என்பதைப் போன தடவை ஓர் இடத்தில் "அளவீடு" என்று போட்டிருந்தீர்கள், கம்ப்யூட்டர் மொழிபெயர்த்தது என்று நினைக்கிறேன், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி அம்மா நிலம் அளக்கப்போகிறார்களா என்று கேட்டார்கள். பார்சல் டாக்ஸ் என்றால் ஹோட்டல் பார்சலுக்கு வரியா என்று கேட்கிறார்கள், "ஒவ்வொரு மனைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு" என்று விரித்து எழுதினால் போகிறது. பாண்டு என்பதைப் "பத்திரம்" என்று மட்டும் எழுதினால் ஏதோ சேமிப்புப் பத்திரம் போலக் கேட்கிறது, "கடன்" என்றால் மானப் பிரச்சினை போலக் கேட்கிறது, நம் வீடுகளில் கடன் என்ற சொல்லுக்கு அவ்வளவு பாரம். நான் என்றால் "பாண்டு, அதாவது டிஸ்ட்ரிக்ட் பணம் கடன் வாங்கி வட்டியோடு சொத்து வரி மூலம் திருப்பிக் கட்டுவது" என்று முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் பாண்டு என்றே எழுதுவேன்.


மில்பிடாஸ்காரன்

டீச்சர், உங்க பதிலை அப்படியே பிரிண்ட் எடுத்து எங்க ஆறு பேருக்கும் கொடுத்துட்டேன். பழைய தாள்ல தேடிப் பார்த்தேன், ரெண்டு பக்கத்துல 11 "தான்" இருக்கு, அதுல 8 வரியை ஆதரிக்கற பக்கம் விழுது. எழுதினது நான்தான், நான் யெஸ் போட்டவன். எனக்கே தெரியாம எழுதியிருக்கேன்.


எஸ்எஃப்_பனிமூட்டம்

சான் பிரான்சிஸ்கோல இதுக்குன்னே ஒரு கமிட்டி இருக்கு, பேலட் சிம்ப்ளிஃபிகேஷன் கமிட்டி. ஒவ்வொரு உள்ளூர் மெஷருக்கும் 300 வார்த்தைக்குள்ள, எட்டாங்கிளாஸ் படிச்சவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு சுருக்கம் எழுதுவாங்க. எப்பவும் அதே நாலு தலைப்பு: இப்போ எப்படி இருக்கு, என்ன மாத்தச் சொல்றாங்க, யெஸ் போட்டா என்ன அர்த்தம், நோ போட்டா என்ன அர்த்தம். கமிட்டில பத்திரிகைத் துறை சார்பா ஆளு இருப்பாங்க, லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் சார்பா இருப்பாங்க, வாசிப்பு நிபுணர் ஒருத்தர் இருப்பார். பணக் கணக்கை சிட்டி கன்ட்ரோலர், அதாவது சிட்டியோட கணக்கு அதிகாரி, தனியா எழுதுவார்.

நான் ஒரு தடவை அந்தக் கூட்டத்துக்குப் போய் உக்காந்திருக்கேன், திறந்த கூட்டம், யார் வேணா போகலாம். ஆதரிக்கறவங்களும் எதிர்க்கறவங்களும் நேர்ல உக்காந்து ஒரு வார்த்தைக்காக முக்கால் மணி நேரம் வாதாடறாங்க, அனுமதிக்கும்னு போடறதா கட்டாயப்படுத்தும்னு போடறதான்னு. முதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு, போகப்போகத்தான் புரிஞ்சுது, அந்த ஒரு வார்த்தைலதான் மெஷரே இருக்கு. முடிவு பிடிக்கலைன்னா மறுபரிசீலனை கேக்கலாம்.

உங்களுக்கு கமிட்டி வேணாம், ஆனா ஒரு வேலை செய்யலாம்: வரைவை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யெஸ் ஆள் ஒருத்தர், நோ ஆள் ஒருத்தர் ரெண்டு பேர்கிட்டயும் கொடுங்க. "உங்க வாதத்தை நீங்களே இப்படிச் சொல்வீங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. மத்தவங்க வாதத்தைத் திருத்த விடாதீங்க, அவங்கவங்க வாதத்தை மட்டும்.


சூரிச்_மழை

வணக்கம். நான் சுவிஸில இருக்கிறன், எங்களுக்கு வருசத்தில நாலு தரம் வரைக்கும் இப்பிடி வாக்கெடுப்பு வரும், அதால உங்கட கதை எனக்கு நல்லா விளங்குது. இஞ்ச அரசாங்கமே ஒரு சின்னப் புத்தகம் அனுப்பும், வாக்குச்சீட்டோட சேர்த்து, முழுமையா, விசயத்தோட, வெளிப்படையா, அளவோட இருக்கோணும் எண்டு சட்டத்தில எழுதிக் கிடக்கு. முயற்சி எடுத்த குழுவுக்கும் அதுக்குள்ள தங்கட வாதத்தைத் தாங்களே எழுத இடம் குடுக்கினம்.

ஆனா அந்தப் புத்தகமும் பிழைச்சிருக்கு. 2016 பெப்ரவரியில கலியாணம் கட்டின சோடிகளின்ர வரி பற்றி ஒரு வாக்கெடுப்பு, 50.8 வீதம் வேண்டாம் எண்டு தோத்தது. ரெண்டு பேரும் வேலைக்குப் போற சோடிகளில 80,000 சோடிகள்தான் பாதிக்கப்படினம் எண்டு அரசாங்கம் சொன்னது. பிறகு பார்த்தா அது 454,000 சோடிகள். 2019 ஏப்ரலில உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பே செல்லாது எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. நாட்டளவில நடந்த வாக்கெடுப்பு, ஒரு எண்ணிக்கையால. ஆகையால தம்பி, எண் எங்கயிருந்து எடுத்தது, எந்த வருசத்து எண், யார் கணக்குப் போட்டது எண்டு பக்கத்திலயே எழுதுங்கோ. "கவுண்ட்டி கணக்குப்படி" எண்டு ரெண்டு சொல்லு காணும்.


புதுசிட்டிசன்

எனக்கு இன்னும் ஒரு நெருடல். ரெண்டு பக்கத்துக்கும் சம இடம்னு வச்சா, ஒருத்தர் அப்பட்டமா பொய் சொன்னாலும் அதுக்கும் பாதி பக்கம் கொடுப்பீங்களா? "இந்த வரி வந்தா அரிசி பருப்புக்கும் வரி"ன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, கலிபோர்னியால சமைக்காத மளிகைக்கும் டாக்டர் எழுதித் தர்ற மருந்துக்கும் விற்பனை வரியே கிடையாது. அதை எதிர்ப்பாளர் வாதம்னு போடறதா?


எஸ்எஃப்_பனிமூட்டம்

போடக்கூடாது. அது வாதமே இல்ல, தப்பான தகவல். "எதுக்கு இந்த வரி பொருந்தாது"ன்னு ஒரு வரில மளிகை, மருந்துன்னு நீங்களே எழுதிடுங்க, யார் சொன்ன பொய்னு பேர் சொல்லவே வேணாம். எதிர்ப்பாளருக்கு நல்ல வாதம் இருக்கு, அதைப் போடுங்க: விற்பனை வரி சம்பளம் கம்மியா இருக்கறவங்க வருமானத்துல பெரிய பங்கைத் தின்னும், பணம் எதுக்குப் போகணும்னு கட்டுப்பாடு இல்ல. ஒரு பக்கத்தோட மட்டமான வாதத்தை எடுத்துப் போட்டு அதை உடைக்கறதுதான் எனக்குத் தெரிஞ்சு பெரிய சாய்வு.


கூப்பர்டினோஅம்மா

எதிர் வாதமே யாரும் கொடுக்கலைன்னா? எங்க பக்கம் ஸ்கூல் மெஷருக்கு நிறைய தடவை புத்தகத்துல "எதிர் வாதம் சமர்ப்பிக்கப்படவில்லை"ன்னு வெறும் ஒரு வரி. நான் ஸ்கூல் மெஷருக்கு எப்பவும் யெஸ் போடறவ, அதை மறைக்கல, ஆனா அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்தா எனக்கே சங்கடமா இருக்கு.


மில்பிடாஸ்காரன்

அக்கா, இதுல எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு. ஒருத்தர் சொன்னார் நாமளே எதிர் வாதம் எழுதுவோம்னு, நான் வேணாம்னேன், யாரும் பேசாத வாதத்தை நாம உண்டாக்கி யாரோ சொன்ன மாதிரி போடறது நியாயம் இல்ல. அதுக்குன்னு காலியா விட்டா எதிர்ப்பே இல்லாத மெஷர்னு ஆயிடும், வாதம் எழுதித்தர ஆள் இல்லைங்கறதும் எதிர்ப்பு இல்லைங்கறதும் ஒண்ணு இல்ல. கடைசில இப்படி வச்சோம்: "எதிர் வாதம் யாரும் தரவில்லை"ன்னு உள்ளதை உள்ளபடி போடுவோம், கீழ செலவு, எத்தனை வருஷம், பணத்தை யார் மேற்பார்வை பண்றாங்க, தோத்தா என்ன ஆகும்ங்கறதை மெஷர் வாசகத்துல இருந்தே எடுத்துப் போடுவோம். போர்டு மீட்டிங்ல யாராவது எதிர்த்து ஓட்டு போட்டிருந்தா அவங்க என்ன காரணம் சொன்னாங்கன்னு வீடியோவைப் பார்த்து எழுதுவோம். யார் பணம் போட்டு பிரசாரம் பண்றாங்கங்கறது 460 படிவத்துல இருக்கும், ரெண்டு பக்கத்துக்கும் எடுத்துப் போடுவோம், ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டா அதுவும் சாய்வு.

சிட்டி அனுப்பற கலர் தாளை மட்டும் ஆதாரமா எடுக்கவே மாட்டோம். மக்கள் பணத்துல யெஸ் போடுங்கன்னு பிரசாரம் பண்ணக்கூடாதுன்னு 1976லயே ஸ்டான்சன் வழக்குல கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, தகவல் கொடுக்கலாம். ஆனா தகவல்ங்கற பேர்ல வர்ற தாள்ல சிரிக்கற குழந்தை படம்தான் பாதி பக்கம்.


ஓரிகன்வாசி

பீவர்ட்டன்ல இருந்து. எங்க ஸ்டேட்ல 2010ல ஒரு நல்ல முயற்சி நடந்துச்சு, சிட்டிசன்ஸ் இனிஷியேடிவ் ரிவ்யூ. வாக்காளர் பட்டியல்ல இருந்து எல்லாத் தரப்பும் வர்ற மாதிரி 24 பேரைப் பொறுக்கி எடுத்து 5 நாள் உக்கார வச்சு, ரெண்டு பக்க ஆளுங்களையும் நிபுணர்களையும் கேள்வி கேக்க விட்டு, அவங்க எழுதற ஒரு பக்கம் ஸ்டேட் புத்தகத்துலயே அச்சாச்சு. மெஷர் 73, சில பாலியல் குற்றத்தை ரெண்டாவது தடவை செஞ்சா கட்டாயம் 25 வருஷம் ஜெயில்னு. 24 பேர்ல 21 பேர் வேணாம்னாங்க, அந்த வாசகப்படி போன்ல படம் அனுப்பற டீனேஜ் பசங்க கூட மாட்டலாம்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். ஆனாலும் மெஷர் பாஸ் ஆச்சு. அதுக்காக அந்தப் பக்கம் வீண்னு நான் சொல்ல மாட்டேன், நான் ஓட்டு போடும்போது அது என் கைல இருந்துச்சு, சாதாரண ஆளுங்க எழுதினது, புரிஞ்சுது.

உங்களுக்கு ஒரு யோசனை: டீச்சர் மாதிரி நாலு பெரியவங்களை வரைவைப் படிக்க வச்சு என்ன கேள்வி வருதுன்னு குறிச்சுக்கோங்க. எழுதறவங்களுக்குத் தோணாத கேள்வி படிக்கறவங்களுக்குத்தான் தோணும்.

அப்புறம் யெஸ், நோ திருப்பிப் போடற மெஷர் வந்தா ஜாக்கிரதை. 2020ல உங்க ஸ்டேட்ல ப்ரோபசிஷன் 25 வந்துச்சே, பண ஜாமீனை ஒழிக்கற சட்டம் ஏற்கனவே போட்டாச்சு, அதைத் தடுக்கணும்னு ஜாமீன் கம்பெனிகள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தது. ஆனா யெஸ்னா சட்டம் இருக்கட்டும், நோன்னா சட்டம் வேணாம். கையெழுத்து வாங்கினவங்க பிரசாரம் பண்ணது நோவுக்கு. சிட்டி போட்ட சட்டத்துக்கு எதிரா கையெழுத்து வாங்கி வர்ற ரெஃபரெண்டமும் இதே மாதிரிதான், முதல் வரிலயே பெருசா போட்டுடுங்க.


மில்பிடாஸ்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க சொன்னதையெல்லாம் வச்சு மெஷர் ஏ தாளையே திரும்ப எழுதிப் பார்த்தேன், முடிஞ்சு போன மெஷர்தான், ஆனா அதுலதான் தப்பு பண்ணோம், அதுலயே பழகணும்னு. படிச்சுத் திருத்துங்க:

"மெஷர் ஏ, சான்டா கிளாரா கவுண்ட்டி விற்பனை வரி. இப்போது உள்ள விற்பனை வரியோடு 0.625 சதவீதம் சேரும், 5 வருஷத்துக்கு. 1000 டாலர் பொருள் வாங்கினால் 6 டாலர் 25 சென்ட் சேரும். சமைக்காத மளிகைக்கும் டாக்டர் எழுதிய மருந்துக்கும் இந்த வரி இல்லை. கவுண்ட்டி கணக்குப்படி வருஷத்துக்குச் சுமார் 33 கோடி டாலர் வரும். இது பொது வரி: பாதிக்கு மேல் யெஸ் வந்தால் நிறைவேறும். பணம் கவுண்ட்டியின் பொது நிதிக்குப் போகும், எதற்குச் செலவு என்பதை ஒவ்வொரு வருஷமும் சூப்பர்வைசர்கள் பட்ஜெட்டில் முடிவு செய்வார்கள். மத்திய அரசின் எச்.ஆர்.1 சட்டத்தால் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் குறைகிறது, கவுண்ட்டி ஆஸ்பத்திரிகளை நடத்த இந்த வரி தேவை என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். பணத்தை ஆஸ்பத்திரிக்கே செலவழிக்க வேண்டும் என்று மெஷரில் கட்டாயம் இல்லை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விற்பனை வரி அதிகப் பாரம் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள்."

எங்க கூட்டத்துல யெஸ் போட்ட ஒருத்தரும் நோ போட்ட ஒருத்தரும் படிச்சுட்டாங்க. நோ ஆள் ஒண்ணும் மாத்தல. யெஸ் ஆள் ஒண்ணு கேட்டார், "பொது நிதி"ன்னா நம்ம ஊர்க்காரங்க காதுல பணம் எங்கயோ காணாம போகுதுன்னு விழும், கவுண்ட்டியோட பொது நிதில இருந்து ஆஸ்பத்திரியும் நடக்குது, ஷெரீஃப் ஆபீஸும் நடக்குதுன்னு சேருங்கன்னார். நியாயமா பட்டுச்சு, சேர்த்துட்டேன்.


ஓய்வுதமிழாசிரியை

நன்றாக வந்திருக்கிறது. ஓர் இடம் மட்டும். "ஆஸ்பத்திரிக்கே செலவழிக்க வேண்டும்" என்பதில் அந்த ஏகாரம் தேவையானது, எடுத்துவிடாதீர்கள், அங்கே அது பொருளையே சொல்கிறது. எல்லா ஒட்டையும் வெட்டச் சொல்லவில்லை நான்.


புதுசிட்டிசன்

நேத்து ராத்திரி இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். வழக்கம் போல "எதுல கருப்படிக்கணும்"னு கேப்பார்னு நினைச்சேன். கேக்கல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அஞ்சு வருஷம் கழிச்சு அவங்களே நீட்டிக்க முடியுமா, இல்ல திரும்ப நம்மகிட்ட வரணுமா?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியல. தாள்லயும் இல்ல.


மில்பிடாஸ்காரன்

திரும்ப ஓட்டுக்குத்தான் வரணும். அப்பாவுக்குச் சொல்லிடுங்க, "5 வருஷத்துக்கு" பக்கத்துல அதை இப்பவே சேர்க்கறேன். ஜூன் தாளோட வரைவு ரெடியானதும் முதல்ல உங்கப்பாகிட்டதான் வரும், அவர் கேக்கற கேள்வியெல்லாம் ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க.